வால்வு அதேதான், வோல்டேஜ்தான் வேறு

நேயர்களுக்கு வணக்கம்.

எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு கடைசியில் ஆம்ப்ளிஃபையருக்குள், அதாவது ஆம்புக்குள் இருக்கும் கண்ணாடிக் குழாய் வால்வில்தான் போய் நிற்கும். எந்தக் கம்பெனி, எந்த நாட்டுச் சரக்கு, பழைய ஸ்டாக் எங்கே கிடைக்கும், ஜோடி என்ன விலை என்று மணிக்கணக்காகப் பேசுவார்கள். அந்த வால்வுக்கு எத்தனை வோல்ட் போகிறது என்ற கேள்வி மட்டும் வரவே வராது. எனக்கு இதில் ரொம்ப நாளாக ஆதங்கம் உண்டு. ஏனென்றால் ஆம்பின் குரலில் வால்வின் பிராண்டைவிட அந்த வோல்டேஜுக்குத்தான் பங்கு அதிகம்.

6வி6 என்ற பவர் வால்வை எடுத்துக்கொள்வோம். 1930களில் ரேடியோப் பெட்டிகளை மனதில் வைத்து அமெரிக்காவில் வந்த வால்வு இது. ஃபெண்டர் கம்பெனி 1950களின் பின்பாதியில் விற்ற டீலக்ஸ் ஆம்பில், ட்வீட் துணி ஒட்டிய அந்தச் சின்னப் பெட்டியில், இதே 6வி6 இரண்டு இருக்கும். பிளேட்டில், அதாவது வால்வுக்குள் கரன்ட் போய்ச்சேரும் தகட்டில், சுமார் 350 வோல்ட். அப்புறம் 1963-ல் அதே கம்பெனி டீலக்ஸ் ரிவெர்ப் கொண்டுவந்தது. அதிலும் இரண்டு 6வி6தான், ஆனால் பிளேட்டில் 415 வோல்ட் அளவில். வால்வு தயாரிப்பாளர்களின் கையேடு பிளேட்டுக்கு 350, அதன் முன்னால் இருக்கும் ஸ்கிரீன் என்ற கம்பி வலைக்கு 315 வரை போகலாம் என்கிறது. ஃபெண்டர் இரண்டு எல்லையையும் தாராளமாகத் தாண்டியிருக்கிறார்கள், அந்தக் காலத்து அமெரிக்க வால்வுகளும் தாங்கியிருக்கின்றன.

கணக்குப் போட்டால், லோடு மாறாமல் இருந்தால் பவர் வோல்டேஜின் வர்க்கத்தை ஒட்டி ஏறும். 350 இடத்தில் 415 என்றால் பவர் ஏறத்தாழ 1.4 மடங்கு. ட்வீட் டீலக்ஸ் 15 வாட்டுக்குள், டீலக்ஸ் ரிவெர்ப் 22 வாட், கிட்டத்தட்டப் பொருந்துகிறது பாருங்கள். ஆனால் 1.4 மடங்கு பவர் என்பது காதுக்கு ஒன்றரை டெசிபல்தான். சத்தம் கூடிவிட்டது என்று சொல்லவே யோசிப்பீர்கள். அப்படியிருந்தும் இரண்டு ஆம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே கிட்டாரைச் செருகினால், ட்வீட் வால்யூமைப் பாதி திருப்பும் முன்பே கரகரவென்று உடைகிறது, பேஸ் தளர்ந்து நடுச்சுருதி முன்னால் வருகிறது. டீலக்ஸ் ரிவெர்ப் கண்ணாடி மாதிரித் தெளிவாக நின்று, நீங்கள் வலிந்து தள்ளினால்தான் உடைகிறது. இந்த வித்தியாசம் முழுவதும் வோல்டேஜால் வந்தது என்று நான் சொல்லவில்லை. ட்வீடில் நெகட்டிவ் ஃபீட்பேக், அதாவது வெளிவரும் சிக்னலில் கொஞ்சத்தைத் திருப்பி விட்டுக் கரகரப்பை அடக்கும் ஏற்பாடு கிடையாது, வாசிக்காதபோது ஓடும் கரன்டை நிர்ணயிக்கும் பயாஸ் வோல்டேஜ் கேத்தோடு என்ற முனை வழியாகக் கிடைக்கிறது, அதிலேயே ஒரு 20 வோல்ட் போய்விடும், சர்க்யூட்டும் வேறு. ஆனாலும் வால்வு எவ்வளவு தூரம் ஆடலாம் என்று எல்லை போடுவது பிளேட்டில் நிற்கும் வோல்டேஜ்தான். அந்த எல்லையில் முட்டினால் அலையின் தலை தட்டையாகிறது, அதைத்தான் நாம் டிஸ்டார்ஷன் என்று கேட்கிறோம்.

அடுத்து, அந்த வோல்டேஜ் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஓங்கி ஒரு கார்டு அடித்தால் பவர் வால்வுகள் சட்டென்று கூடுதல் கரன்ட் இழுக்கும், சப்ளை கொஞ்சம் இறங்கும், நோட் தேயத் தேய மறுபடி ஏறும். பக்கத்து வீட்டில் போர் மோட்டார் போட்டதும் நம் வீட்டு பல்பு மங்கித் தெளியுமே, அது மாதிரி. ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையரைப் பொறுத்து இந்த இறக்கம் மாறும். 5ஒய்3 என்ற ரெக்டிஃபையர் வால்வு அதன் முழு கரன்டில் 50 வோல்ட் அளவுக்குத் தன்னிடமே விழுங்கிக்கொள்ளும், ஜிஇசட்34 இருபதுகூட விழுங்காது, சிலிக்கான் டயோடு என்றால் பேருக்குத்தான். 5ஒய்3 இருக்கிற ஆம்பில் அடித்த வேகம் கொஞ்சம் அமுங்கி, பிறகு நோட் விரிந்து வரும். ப்ளூஸ் வாசிக்கிறவர்கள் இதற்காக உயிரை விடுவார்கள். வேகமான மெட்டல் ரிஃப் வாசிக்கிறவருக்கு இதே குணம் எரிச்சல்.

ஸ்கிரீனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், பலர் பிளேட்டை மட்டுமே அளந்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். இந்த வகை வால்வுகளில் கரன்ட் எவ்வளவு ஓடும் என்பது பிளேட்டைவிட ஸ்கிரீன் வோல்டேஜைத்தான் அதிகம் கேட்டு நடக்கும். ஸ்கிரீனைக் கொஞ்சம் இறக்கினாலே வால்வு அடங்கிவிடும்.

இனி அமெரிக்க ராக் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலன். அவருடைய பழைய 100 வாட் மார்ஷல் ஆம்பின் சத்தம் உலகத்துக்கே தெரியும். அமெரிக்க 120 வோல்ட் மெயின்ஸை, வோல்டேஜை ஏற்றி இறக்கும் வேரியாக் வைத்து, நம்மூர் பட்டறைகளில் டிம்மர்ஸ்டாட் என்போமே அதை வைத்து, 90 வோல்ட் பக்கம் இறக்கி வாசித்தார். ஆரம்பத்தில் மெயின்ஸை ஏற்றுவதாகவும் ஒரு பேச்சு பரவியது. அதை நம்பி யாரும் ஏற்றிப் பார்க்க வேண்டாம், ஆம்ப் போய்விடும். 90 என்றால் முக்கால் பங்கு. பிளேட், ஸ்கிரீன், பயாஸ், முன்னால் இருக்கிற ப்ரீஆம்ப் வால்வுகள் எல்லாம் சேர்ந்தே இறங்குகின்றன. பவர் 56 சதவீதத்துக்கு வரும், காதுக்கு இரண்டரை டெசிபல்தான் குறைவு. அதாவது சத்தம் பெரிதாகக் குறையவில்லை, உடையும் விதம்தான் மாறியது. ஒரு சங்கடமும் உண்டு: வால்வைச் சூடாக்கும் ஹீட்டரின் 6.3 வோல்ட்டும் 4.7-க்கு இறங்கிவிடும், அது வால்வுக்கு நல்லதல்ல. அவருக்கு அந்தச் சத்தம் பெரிதாக இருந்தது. தினம் வாசிக்கிற ஆம்பை அவ்வளவு தூரம் இறக்க நான் சொல்லமாட்டேன்.

இதே விஷயம் பழைய அமெரிக்க ஆம்பை வாங்கிவந்து வைத்திருக்கும் நம் ஆட்களையும் தொடும். 230-க்கு 110 தரும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரில் போடுகிறீர்கள். மெயின்ஸ் 250-க்குப் போனால் ஆம்புக்கு 120 கிடைக்கும், 200-க்கு விழுந்தால் 96 கூட வராது. நேற்று இருந்த டோன் இன்று இல்லையே என்று வால்வை மாற்றிக்கொண்டிருப்பார்கள். முதலில் மல்டிமீட்டரை எடுத்து ஆம்புக்கு வரும் வோல்டேஜைப் பாருங்கள்.

பயாஸும் இதோடு ஒட்டியதுதான். 6வி6 ஒவ்வொன்றும் 12 வாட் சூட்டைத் தாங்கும் என்று வையுங்கள், வாசிக்காதபோது அதில் 70 சதவீதத்தில் நிறுத்தினால் 8.4 வாட். 415 வோல்டில் வகுத்தால் 20 மில்லி ஆம்பியர். கேத்தோடில் ஒரு ஓம் ரெசிஸ்டர் இருந்தால் 20 மில்லி வோல்ட் என்று மீட்டரில் அப்படியே படிக்கலாம். இதைவிட ரொம்பக் கம்மியாக வைத்தால் மெல்ல வாசிக்கும்போது ஒலியில் ஒரு சொரசொரப்பு வரும், ரொம்ப ஏற்றினால் பிளேட் சிவந்து ஒளிரும். சிவப்பைக் கண்டால் அந்த நொடியே ஆஃப் செய்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, இதைத் தயவுசெய்து கேளுங்கள். உள்ளே 400 வோல்ட் டிசி ஓடுகிறது, பிளக்கைப் பிடுங்கின பிறகும் ஃபில்டர் கப்பாசிட்டரில் தங்கியிருக்கும், ஆளைக் கொல்லும். ரெசிஸ்டர் வைத்து வடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வையுங்கள். பழக்கம் இல்லாதவர்கள் பெட்டியைத் திறக்கவே வேண்டாம், தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோய் பிளேட், ஸ்கிரீன், ஹீட்டர், பயாஸ் நாலையும் அளந்து ஒரு சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள், அந்தச் சீட்டை ஆம்பின் உள்பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.