மக்கள் கடக்கும் இடத்தில் வண்டி நிதானிக்கட்டும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

சாலைப் பாதுகாப்பு என்றால் தலைக்கவசம், ஓட்டுநர் உரிமம், குடித்துவிட்டு ஓட்டாமை ஆகியவற்றைப் பேசி முடிப்பது நமக்கு வழக்கமாகிவிட்டது. அவை முக்கியமானவைதான். ஆனால் சொந்த வண்டியே இல்லாமல், நடந்தும் பேருந்திலும் ஷேர் ஆட்டோவிலும் வேலைக்குப் போகும் குடும்பங்களுக்கு அந்த அறிவுரைகளால் கிடைக்கும் காப்பு மிகக் குறைவு. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள் என்று மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள்.

சென்னையையே எடுத்துக்கொள்வோம். அடையாற்றின் கரையிலும் கூவத்தின் கரையிலும் குடியிருந்தவர்களை 2000-ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகருக்கும், பின்னர் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அரசு குடியேற்றியது. வீடு கிடைத்தது, ஆனால் வேலை பழைய இடத்திலேயே இருந்தது. அதே காலத்தில், சென்னையின் தெற்கே இந்தக் குடியிருப்புகள் உள்ள பகுதி வழியே போகும் பழைய மகாபலிபுரம் சாலை தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கென ஆறுவழிச் சாலையாக விரிந்தது. அந்த நிறுவனங்களில் துப்புரவு வேலை முடித்து இரவில் பேருந்தை விட்டு இறங்கும் ஒரு பெண், தண்ணீர் லாரிகளும் கம்பெனி வண்டிகளும் விரையும் மூன்று தடங்களைத் தாண்டி, நடுத்தடுப்பின் இடைவெளியில் சற்று நின்று, எதிர்த்திசையின் மூன்று தடங்களையும் தாண்டினால்தான் வீடு போய்ச் சேர முடியும்.

"நடைமேம்பாலம் கட்டித்தந்தால் ஏறுவதில்லையே" என்று அதிகாரிகள் குறைபடுவதுண்டு. பத்து மணி நேரம் நின்று வேலை செய்த கால்களோடு, கையில் அரிசிப் பையும் இடுப்பில் குழந்தையுமாக ஒருவர் ஏன் இரண்டு மாடி உயரம் ஏறி இறங்க வேண்டும்? வண்டி வேகம் குறையாமல் போவதற்காக நடப்பவர் சுற்றிப் போகட்டும் என்பதுதான் அந்தப் பாலத்துக்குப் பின்னால் இருக்கும் எண்ணம். அதை நான் ஏற்கவில்லை.

வேகத்தின் கணக்கு எளிமையானது. மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு வினாடி ஆனால், அதற்குள் வண்டி ஏறத்தாழ 14 மீட்டர் வந்துவிடும். 30 கிலோமீட்டரில் வந்தால் 8 மீட்டர்தான். மோதலின் வலுவோ வேகத்தின் இருமடிப்படி கூடுகிறது. 30 கிலோமீட்டரில் அடிபட்டவர்களில் பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள். ஆகவே பள்ளிக்கூட வாசல், பேருந்து நிறுத்தம், ரேஷன் கடைக்குப் போகும் வழி ஆகிய இடங்களில் 30-ஐத் தாண்டவே முடியாதபடி சாலையைக் கட்ட வேண்டும். பலகை நட்டால் போதாது. நடைபாதையின் உயரத்துக்கே எழுப்பப்பட்ட கடவைப் பாதை, நடுத்தடுப்பில் பத்திரமாக நிற்க இடம், தலைக்குமேல் நல்ல விளக்கு என இவ்வளவும் இருந்தால் ஓட்டுநரின் நல்ல மனத்தை நம்பி யாரும் கடக்க வேண்டியதில்லை.

இதைச் சலுகையாகக் கேட்கவும் தேவையில்லை. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில், நடைபாதை என்பது அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் கூறியிருக்கிறது.

அடிபட்ட பிறகு கிடைக்க வேண்டியதும் பலருக்குத் தெரியாமல் போகிறது. முதல் 48 மணி நேர அவசர சிகிச்சையைக் கட்டணமின்றித் தரும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் இருக்கிறது. மோதிய வண்டி அடையாளம் தெரியாமல் தப்பிவிட்டாலும், இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சமும் படுகாயம் அடைந்தவருக்கு 50,000 ரூபாயும் மத்திய அரசின் திட்டத்தில் உண்டு. அன்றாடக் கூலியை நம்பிய வீட்டில் சம்பாதிப்பவர் படுத்துவிட்டால் முதலில் நிற்பது பிள்ளையின் படிப்புதான். அதனால் இந்தத் தகவல்கள் குடியிருப்பு வாசலிலேயே எழுதி வைக்கப்பட வேண்டும்.

அரசிடம் நான் வைக்கும் கோரிக்கை ஒன்றுதான். இனி எந்த ஊரில் மறுகுடியமர்வுக் குடியிருப்பு கட்டினாலும், குடிநீர் இணைப்பும் மின்சாரமும் தயார் என்று சான்று பெறுவதைப் போலவே, பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் நடைபாதையும் விளக்குடன் கூடிய கடவையும் தயார் என்று சான்று பெற்ற பின்னரே வீட்டுச் சாவிகளை மக்களிடம் ஒப்படையுங்கள்.