ஒரு புட்டி பாசியும் ஸ்பெயின்காரர்களின் கணக்கும்

வணக்கம் நண்பர்களே. "ஸ்பெயின்காரர்கள் பிலிப்பைன்ஸுக்கு அழகான வீதிகளைத் தந்துவிட்டுப் போனார்கள்" என்று சென்ற காணொளியின் கீழே ஒரு நேயர் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் தீரவில்லை. அதற்குப் பதில் சொல்லத்தான் விகான் நகரில், கருப்பஞ்சாற்றில் செய்த பாசி என்னும் இந்த மதுப்புட்டியுடன் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் இதன் விலை. குதிரை வண்டிகள் வரிசையாக நிற்கும் கிரிசோலோகோ வீதியில் 300 பேசோ என்றார்கள். பேரம் பேசுவது எனக்கு அறவே பிடிக்காது என்பது பழைய நேயர்களுக்குத் தெரியும். ஆகவே ஒன்றும் பேசாமல் நகர்ந்தேன். அடுத்த தெருவில் ஓர் அம்மாள் இதே அளவுப் புட்டியை 180 பேசோவுக்குத் தந்தார். மிச்சமான 120 பேசோவைப் பற்றி விடுதிக்காரரிடம் சொன்னேன், காப்பிக் கடையில் சொன்னேன், இப்போது உங்களிடமும் சொல்கிறேன். கடை மாறி வாங்கும் இந்த வசதியைத்தான் 1786-இல், விகானைச் சுற்றியுள்ள இலோகோஸ் பகுதி மக்களிடமிருந்து ஸ்பானிய அரசு பறித்தது. கரும்புச் சாற்றைக் காய்ச்சி, சமாக் மரத்தின் இலையும் பட்டையும் சேர்த்து, மண் ஜாடியில் நொதிக்க வைத்து வீட்டிலேயே மது செய்துவந்தவர்கள், அதன்பின் அரசுக் கடையில் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்றாயிற்று.

சொல்ல மறந்துவிட்டேன், இதன் வேர் 1762-இல் இருக்கிறது. நம் சென்னையிலிருந்து, சிப்பாய்களையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்ட ஆங்கிலேயக் கப்பற்படை அவ்வாண்டு மணிலாவைப் பிடித்தது. அந்தச் சமயத்தில் ஸ்பானிய ஆட்சியை எதிர்த்த இலோகோஸ் தலைவர் டியேகோ சிலாங் இதே விகானைக் கைப்பற்றி, கப்பமும் கட்டாய உழைப்பும் ஒழிய வேண்டும் என்றார். அவர் 1763-இல் கொல்லப்பட்டார், போராட்டத்தைத் தொடர்ந்த அவருடைய மனைவி கப்ரியேலா தூக்கிலிடப்பட்டார். அதுவரை மெக்சிகோவின் அக்காபுல்கோ துறைமுகத்துக்குப் போய்வரும் வணிகக் கப்பல்களையும் அங்கிருந்து வரும் மானியத்தையும் நம்பியே காலம் தள்ளிய மணிலா அரசு, இனித் தன் செலவுக்குத் தானே வழி தேட வேண்டும் என்று உணர்ந்தது. ஆளுநர் பாஸ்கோவின் காலத்தில், 1782-இல், புகையிலையை அரசு மட்டுமே வாங்கி விற்கும் முற்றுரிமை வந்தது; மேலே சொன்ன 1786 மதுத் தடையும் அதே வழியில் வந்ததுதான். பின்னாளில் காகயான் பள்ளத்தாக்கின் உழவர்கள் குறித்த அளவு புகையிலையைப் பயிரிட்டுக் கொடுத்துவிட்டு, பணத்துக்குப் பதிலாகக் கடன் சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அந்தச் சீட்டுகளைப் பற்றி நினைத்தாலே எனக்கு ஆத்திரம் வருகிறது.

இனி அந்த "அழகான வீதி". கீழே கல், மேலே மரம், சிப்பி ஓடு பதித்த சன்னல்கள் கொண்ட இந்த வீடுகளில் பெரும்பாலானவற்றைக் கட்டியவர்கள், சீனத் தந்தைக்கும் உள்ளூர்த் தாய்க்கும் பிறந்த வம்சத்தினரான வணிகர்கள். ஆங்கிலேயரோடு சேர்ந்தார்கள் என்ற குற்றச்சாட்டில் சீனர்கள் பெருமளவில் வெளியேற்றப்பட்டபோது, அவர்கள் விட்டுச்சென்ற வணிகத்தை இவர்கள் பிடித்துக்கொண்டார்கள். உள்ளூர் உழவரைவிட அதிகக் கப்பம் கட்டியும் அவுரி, துணி, புகையிலை என்று பணம் சேர்த்தவர்கள் இவர்கள். கீழ்த்தளம் சரக்குக்கு, மேல்தளம் குடியிருப்புக்கு. ஸ்பெயின் தந்தது என்று இதை எப்படிச் சொல்வது?

மதுத் தடைக்கு மக்கள் தந்த பதில் 1807 செப்டம்பரில் பிடிக் என்னும் ஊரில் கலகமாக வெடித்தது. தெற்கே விகானை நோக்கி வந்தவர்களைச் சான் இல்டெபோன்சோவை ஒட்டிய பந்தாவோய் ஆற்றருகே அரசுப் படை முறியடித்தது. எஸ்தேபான் வில்யானுவேவா 1821-இல் வரைந்த 14 ஓவியங்கள் இங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன; வானில் ஒரு வால்மீன், கீழே அணிவகுத்த படை, தூக்குமேடை, வெட்டப்பட்ட தலைகள் என்று எல்லாம் தெளிவாகத் தெரிகின்றன. வீதியில் நிழற்படம் எடுக்கும் கூட்டத்தில் பாதிப் பேராவது இந்த அறைக்குள் வர வேண்டும் என்பது என் பிடிவாதமான கருத்து.

சுவையைச் சொல்லவில்லை அல்லவா? இனிப்பில் தொடங்கி, துவர்த்து, இலேசான கசப்பில் முடிகிறது. எனக்குப் பிடித்திருக்கிறது, 300 பேசோவுக்குப் பிடித்திருக்காது.