பதுளை வீதியின் மறுமுனை

நேயர்களுக்கு வணக்கம்.

நான் செங்கலடிக்காரன். எங்கள் ஊரில் பிரதான வீதியிலிருந்து மேற்கே பிரிந்து போகும் வீதிக்குப் பதுளை வீதி என்று பெயர். சின்ன வயதில் அந்த வீதியால் மாடு சாய்த்துப் போவதைக் கண்டிருக்கிறேன், நெல் மூட்டை ஏற்றி வருவதைக் கண்டிருக்கிறேன். பதுளைக்குப் போய் வந்த ஒருவரையும் கண்டதில்லை. பிறகு புவியியல் ஆசிரியராகி, இருபது வருடமாகக் கரும்பலகையில் மலைநாட்டை வரைந்துகொண்டிருக்கிறேன். போன ஆகஸ்ட் விடுமுறையில்தான் அந்த வீதி முடியும் இடம்வரை போய், அங்கிருந்து ரயில் ஏறி அப்புத்தளைக்குப் போனேன். ஆசிரியர் கலாசாலையில் என்னோடு படித்த நண்பர் ஒருவரின் வீடு அங்கே ஒரு தோட்டத்தில் இருக்கிறது.

மலையகத்தில் ரயிலைக் கோச்சி என்பார்கள். பதுளையிலிருந்து அப்புத்தளைக்கு நாற்பது சொச்சம் கிலோமீற்றர்தான், ஆனால் அதற்குள் கோச்சி ஏறக்குறைய 750 மீற்றர் ஏற வேண்டும். தெமோதரையில் ஒரு வேடிக்கை. கோச்சி முதலில் ஒரு சுரங்கத்துக்குள் புகுகிறது. வெளியே வந்து மலையை ஒரு சுற்றுச் சுற்றி, புகுந்த அந்தச் சுரங்கத்துக்கு நேர் மேலே இருக்கும் நிலையத்தில் வந்து நிற்கிறது. பக்கத்தில் இருந்த பிள்ளைகள் கத்திக் கூத்தாடினார்கள். வயது தடுத்ததால் நான் சும்மா இருந்தேன்.

அப்புத்தளை கடல் மட்டத்திலிருந்து 1,431 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பட்டணம் என்று சொன்னால் ஒரு கடைத்தெரு, பஸ் நிலையம், நாலைந்து பேக்கரி, மரக்கறிக் கடைகள். அவ்வளவும் ஒரு மலை முதுகில் உட்கார்ந்திருக்கிறது. தெருவின் ஒரு பக்கம் வடக்கே பார்த்தால் மலைக்குப் பின்னால் மலை. மறுபக்கம் தெற்கே பார்த்தால் நிலம் திடீரென்று கீழே விழுந்து, வெகு தூரத்தில் சமவெளி. தண்டவாளம்தான் பாதி ஊருக்கு நடைபாதை. மரக்கறிப் பையோடு சிலிப்பர் கட்டைகளில் நடந்து வருகிறவர்கள், ஊதல் கேட்டதும் ஓரமாக ஒதுங்கி, கோச்சி போனதும் விட்ட கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்கள்.

காற்றைப் பற்றிச் சொல்லாவிட்டால் அப்புத்தளையைப் பற்றிச் சொன்னதாகாது. ஆடி, ஆவணியில் எங்கள் மட்டக்களப்புப் பக்கம் கச்சான் அடிக்கும். கடையில் வாங்கித் தின்கிற கச்சானைச் சொல்லவில்லை, காற்றைச் சொல்கிறேன். நுவரெலியா, ஹட்டன் பக்கத்து மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமெல்லாம் தீர்ந்து வறண்டு இறங்கி வருகிற தென்மேற்குக் காற்று அது. எங்களுக்கு அது உதடு வெடிக்கிற, குளம் வற்றுகிற காலம். அப்புத்தளை இருக்கும் ஊவாப் பகுதியின் தேயிலைக்கோ அதுதான் நல்ல காலம். வறண்ட காற்றில் தேயிலைச் செடி வாட, கொழுந்தில் ஒரு தனி வாசம் கூடுகிறது. கால் நோவுக்குப் பூசும் தைலங்களில் இருக்கும் மெதைல் சாலிசிலேட் என்ற பொருள்தான் அந்த வாசத்தில் முக்கியமானது. ஊவாவில் யூலை முதல் செப்டெம்பர் வரை எடுக்கும் கொழுந்துக்குக் கொழும்பு ஏலத்தில் தனி மதிப்பு. இவ்வளவு காலமும் நான் திட்டித் தீர்த்த காற்று இது.

ஊருக்கு வருகிறவர்கள் எல்லாரும் லிப்டன் ஆசனம் என்ற மலையுச்சிக்குப் போகிறார்கள். நானும் போனேன். பிட்டரத்மலை தோட்டத்தைத் தாண்டிப் பஸ்ஸில் தம்பேதன்ன தொழிற்சாலை வரை போய், அங்கிருந்து ஏழு கிலோமீற்றர் தேயிலைக்குள்ளால் ஏற வேண்டும். கோப்பிச் செடியில் நோய் விழுந்து தோட்டங்கள் மலிந்து கிடந்த நேரம், 1890இல் இலங்கைக்கு வந்து இந்தப் பக்கத்துத் தோட்டங்களை வாங்கியவர் தோமஸ் லிப்டன். உச்சியில் அவருக்கு ஒரு சிலை, கையில் கோப்பையோடு உட்கார்ந்திருக்கிறார். காலை ஒன்பது மணிக்கு முன் போய்விட வேண்டும், பிந்தினால் மூட்டம் ஏறி எல்லாவற்றையும் மூடிவிடும். நான் பிந்திவிட்டேன். லிப்டனையும் மூட்டத்தையும் பார்த்துவிட்டு, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு இறங்கினேன்.

நண்பரின் தாயார் 34 வருடம் கொழுந்து பறித்தவர். இடுப்பில் படங்கு கட்டி, தலைக்கயிற்றில் கூடையைத் தொங்கவிட்டு, இரண்டு இலையும் ஒரு மொட்டும். அவருடைய வலதுகைச் சுட்டுவிரலின் உட்பக்கம் கறுத்து, நுணுக்கமாக வெடித்து, தேயிலைச் சாயம் ஊறிப்போயிருக்கிறது. "எவ்வளவு சவுக்காரம் போட்டாலும் போகாது மாஸ்டர்," என்றார். பல தோட்டங்களில் ஒரு நாள் பேருக்கு, அதாவது முழுநாள் சம்பளத்துக்கு, 18 கிலோ கேட்கிறார்கள். நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் தேறும் என்று வைத்துக்கொண்டால் 18 கிலோவுக்கு நாலு கிலோ. கோப்பைக்கு இரண்டு கிராம் போட்டால் 2,000 கோப்பை. இந்தக் கணக்கை நான் சொன்னபோது அந்தம்மா சிரித்தார். "நிறுக்கிற எடத்துல சாக்குக்கும் தண்ணிக்கும்னு ரெண்டு கிலோ கழிப்பாங்களே, அதையும் கணக்குல சேத்துக்குங்க," என்றார். அன்று பின்னேரமே கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். தராசு முள்ளை நான் பார்த்து முடிப்பதற்குள் அடுத்த சாக்குத் தொங்கியது.

அடுத்த நாள் பெரகலைச் சந்தியால் இறங்கிக் கொஸ்லந்தைப் பக்கம் போனோம். 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சியைப் பார்க்கத்தான் புறப்பட்டோம். வழியில் நண்பர் மேலே ஒரு சரிவைக் காட்டினார். மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, மழையில் ஊறியிருந்த மலை சரிந்து, தோட்டத் தொழிலாளர் வசிக்கும் லயங்களை ஆட்களோடு மூடிய இடம். இப்போது அங்கே பச்சையாக ஏதேதோ முளைத்திருக்கிறது. நீர்வீழ்ச்சியில் நாங்கள் அதிக நேரம் நிற்கவில்லை.

கடைசி நாள் விடியற்காலை, கோச்சிக்குப் புறப்பட முன், அந்தம்மா என்னை லயத்துக்குப் பின்னால் தண்ணீர்ப் பீலியைத் தாண்டிக் கூட்டிப்போனார். மூட்டம் இன்னும் எழும்பவில்லை. தெற்கே அடுக்கடுக்காக நிலம் தாழ்ந்து போய், கடைசியில் ஒரு வெள்ளிக் கோடு.

"அந்தா தெரியுதுல்ல, அதான் கடல்."

"நீங்கள் இதை ஒவ்வொரு நாளும் பார்ப்பீர்களா அம்மா?"

"மழ வருதான்னு பாப்போம். வந்தா கொழுந்துச் சாக்க மூடணும்ல."

கடலைக் கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறாரா என்று கேட்டேன். இல்லையாம். எங்கள் ஊருக்கு வந்தால் பாசிக்குடாவுக்குக் கூட்டிப்போகிறேன், அங்கே கழுத்துத் தண்ணி மட்டும் பயமில்லாமல் நடக்கலாம் என்றேன். சித்திரை விடுமுறைக்கு மகனோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். பதுளையிலிருந்து பஸ்ஸுக்கு எவ்வளவு எடுப்பார்கள் என்று இரண்டு தரம் விசாரித்தார். கையில் தூள் பொட்டலம் ஒன்றைத் தந்துவிட்டு, மூன்றாம் தரமும் கேட்டார்.

வணக்கம்.