திமிங்கிலச் சுறாவுக்கும் சம்பள நாள் உண்டு – நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். தெலுக் இந்தானிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய மகன் ஏப்ரலில் தியோமான் தீவுக்குப் போனபோது படகையொட்டித் திமிங்கிலச் சுறா ஒன்று நீந்திச் சென்றதாம். ஆகஸ்டில் நண்பர்களை அழைத்துக்கொண்டு மறுபடி போனபோது கண்ணிலேயே படவில்லையாம். "ஐயா, வெயில் மழை பார்த்துத்தான் அது வந்து போகிறதா?" என்கிறார். ஒரு வாரமாக இந்தக் கேள்வி என்னை விடவே இல்லை.

இங்கே சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் நான் சிறுவனாக இருந்தபோது, சம்பள நாளன்று மாலையில் எங்கள் லயத்து வாசலில் துணிக்காரர், வளையல்காரர், கச்சான் பூத்தே என்னும் வறுத்த கடலை விற்பவர் என்று ஒரு சந்தையே கூடிவிடும். மறுநாள் ஒருவரும் இருக்கமாட்டார்கள். அவர்கள் தேதியைத் தேடி வரவில்லை, அன்று தொழிலாளர் கையில் புழங்கிய காசைத் தேடி வந்தார்கள். திமிங்கிலச் சுறாவும் அப்படித்தான், பருவத்தைத் தேடி வருவதில்லை, இரையைத் தேடி வருகிறது. ஆமைகளைப் பற்றிய பேச்சிலும் இதைச் சொன்னேன். மீண்டும் சொல்வதில் எனக்குச் சலிப்பில்லை.

உலகிலேயே பெரிய மீன் இதுதான். ஆனால் இது உண்பது மிதவை உயிரிகள், மீன் முட்டைகள், சிறு இறால்கள், குட்டி மீன்கள் போன்றவற்றையே. அவ்வளவு பெரிய உடலுக்கு இரை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தால் போதாது, ஓரிடத்தில் குவிந்திருக்க வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவின் நிங்கலூ பவளத்திட்டில் மார்ச், ஏப்ரல் மாதங்களின் பௌர்ணமி கழிந்த சில இரவுகளில் பவளங்கள் ஒருசேர முட்டைகளை வெளியிடுகின்றன. சுறாக்கள் அங்கே மார்ச் முதல் ஜூலை வரை கூடுகின்றன. பெலீஸ் நாட்டுக் கரையில் சங்கரா இனத்து மீன்கள் பௌர்ணமியை ஒட்டி முட்டையிடும்போது, அந்த முட்டைகளை உண்ண இவை வந்து சேர்கின்றன. கத்தார் கடலில் கோடைக்காலத்தில் சூரை மீன் முட்டைகளுக்காகத் திரள்கின்றன. இடம் வேறு, மாதம் வேறு, காரணம் இரைதான். ஆகவே, சகோதரி, வெயிலும் மழையும் இரையை எங்கே சேர்க்கின்றன என்பதைப் பொறுத்தே இதன் வருகையும் அமைகிறது.

ஆனால், அந்தக் கச்சான் பூத்தேக்காரர் மற்ற நாள்களில் எங்கே இருந்தார் என்று நான் சிறுவயதில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இந்தச் சுறாவைப் பற்றி யாராவது அதைக் கேட்கமாட்டார்களா என்று ஏங்குகிறேன். கரையோரம் கூடுபவற்றில் பெரும்பாலானவை இன்னும் முழு வளர்ச்சி அடையாத ஆண்கள். அப்படியானால் தாய்மார் எங்கே? 1995-இல் தைவானில் பிடிபட்ட ஒரு பெண் சுறாவின் வயிற்றில் ஏறத்தாழ 300 குட்டிகள் இருந்தன. அவற்றில் பெரியவையே ஒரு முழத்தைவிடச் சற்றுக் கூடுதலான நீளம்தான். அத்தனை குட்டிகளைச் சுமக்கும் இனம் இது. ஆயினும் அது ஈனுவதை எந்த மனிதரும் கண்டதாகப் பதிவில்லை. பசிபிக் பெருங்கடலின் கலாபகோஸ் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த டார்வின் தீவருகே ஜூன் முதல் நவம்பர் வரை பெரிய பெண் சுறாக்கள் கடந்து போகின்றன. அங்கும் அவை தங்குவதில்லை, ஆழ்கடலை நோக்கிப் போய்விடுகின்றன.

மலேசியாவில் 1999 முதல் இது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட மீன். சகோதரியின் மகன் மறுபடி போய், பார்க்கும் பேறு கிடைத்தால், தொடாமல் இடப்பக்கச் செவுளுக்குப் பின்னால் உள்ள புள்ளிகளைப் படமெடுத்து வரட்டும். அந்தப் புள்ளிக்கோலம் ஒவ்வொரு சுறாவுக்கும் வேறு. விண்மீன் படங்களை ஒப்பிடுவதற்காக வானியலாளர் வகுத்த கணக்குமுறையைக் கொண்டே அவற்றை அடையாளம் காண்கிறார்கள். வேறொரு கடலில், வேறொரு மாதத்தில் இன்னொருவர் அதே கோலத்தைப் படமெடுத்தால், அது இடையில் எவ்வளவு தொலைவு போயிருக்கிறது என்பதாவது நமக்குத் தெரியவரும்.