ஒன்பதாம் நம்பர் ஜெர்சி

(குமரி மாவட்டத்தின் தூத்தூர் வட்டாரக் கடற்கரையில் நடந்த கால்பந்துப் போட்டியின் பரிசளிப்பு மேடையில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களே, நம் ஊராட்சியின் முன்னாள் தலைவர் அவர்களே, அவருக்கும் முன்னாள் தலைவராக இருந்து இப்போது அவருக்குப் பக்கத்திலேயே சமாதானமாக உட்கார்ந்திருக்கும் பெரியவர் அவர்களே, மீனவர் கூட்டுறவுச் சங்கப் பொறுப்பாளர்களே, பொழியூரிலிருந்து அணியோடு வந்திருக்கும் பயிற்சியாளர் சாரே, கோப்பைகளை வாங்கித் தந்துவிட்டு ஷார்ஜாவிலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும் போனில் இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நண்பர்களே, வெயிலில் ஓடிய நடுவர்களே, என் அன்பு மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

கேரளத்துப் பொழியூர்க்காரர்களை எல்லை தாண்டி வந்தவர்கள் என்று மைக்கில் ஒருவர் சொன்னார். அந்த எல்லை வருவாய்த்துறைக்குத்தான். நம் நீரோடி ஊரில் உதைத்த பந்து அந்தப் பக்கம் விழுந்தால் யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை. இங்கே ஒரே மணல், ஒரே பந்து களி, அதாவது ஒரே பந்தாட்டம்.

ஒலிபெருக்கி, பந்தல், விளக்கு எல்லாவற்றையும் பாதி வாடகைக்குத் தந்த தம்பிக்கும் நன்றி. மீதிப் பாதியைக் கமிட்டி இன்னும் தரவில்லையாம். அதையும் சபையில் சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'விளையாட்டும் ஒழுக்கமும்'. ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியாருக்கு எல்லா ஊரிலும் இதே தலைப்புதான். நான் கமிட்டியிடம் கேட்டு அதைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். மூன்று விஷயம் பேசப் போகிறேன். வெளிநாட்டுக் கால்பந்தில் தன்பாலீர்ப்பாளர்கள் பட்ட பாடு ஒன்று, நம் நாட்டுச் சட்டம் இரண்டு, நம் மைதானத்தின் நிலை மூன்று. பின்வரிசையில் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள் மக்களே. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்று என் அம்மாச்சி சொல்வாள். இன்று முழுக்க அந்த ஒரு பழமொழியை வைத்துத்தான் ஓட்டப்போகிறேன்.

ஜஸ்டின் ஃபஷானு என்று ஒரு ஆட்டக்காரர். லண்டனில் பிறந்து, சிறு வயதிலேயே ஆதரவற்றோர் இல்லத்துக்குப் போய், பிறகு ஒரு வளர்ப்புக் குடும்பத்தில் வளர்ந்த கறுப்பினப் பையன். 1980 பிப்ரவரியில் நார்விச் அணிக்காக லிவர்பூலுக்கு எதிராக ஒரு கோல் போட்டார். பந்தைக் காலால் கொஞ்சம் தூக்கிவிட்டு, உடம்பைத் திருப்பி, இடது காலால் ஒரு அடி. அந்த ஆட்டத்தில் நார்விச் 5-3 என்று தோற்றது. தோற்ற ஆட்டத்தின் அந்தக் கோலைத்தான் பி.பி.சி. அந்தப் பருவத்தின் சிறந்த கோலாகத் தேர்ந்தெடுத்தது. அடுத்த ஆண்டே நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அவரைப் பத்து லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. அந்த விலைக்குப் போன முதல் கறுப்பின வீரர் அவர்.

அங்கே மேலாளர் பிரயன் கிளஃப், பெரிய ஆள், இரண்டு முறை ஐரோப்பியக் கோப்பை வென்றவர். பையன் தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் ஒரு இரவு கிளப்புக்குப் போகிறான் என்று கேள்விப்பட்டுக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். ரொட்டி வாங்க எங்கே போவாய்? ரொட்டிக்கடைக்கு. ஆட்டுக்கால் வாங்க? கசாப்புக்கடைக்கு. அப்படியானால் அந்தக் கிளப்புக்கு ஏன் போகிறாய்? இதைக் கிளஃப்பே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பிறகு பயிற்சிக்கே வரவேண்டாம் என்று தள்ளிவைத்தார். 1990இல் ஃபஷானு, தான் தன்பாலீர்ப்பாளர் என்று பத்திரிகையில் வெளிப்படையாகச் சொன்னார். கூடப்பிறந்த தம்பி ஜான், அவரும் பெரிய ஆட்டக்காரர், அண்ணனை ஊரறிய விலக்கிப் பேசினார். 1998இல் அமெரிக்காவில் ஃபஷானு மேல் ஒரு பாலியல் புகார் வந்தது. அதை மறுத்து எழுதிவைத்துவிட்டு, லண்டனில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். வயது 37. 2020இல் இங்கிலாந்தின் தேசியக் கால்பந்து அருங்காட்சியகம் அவரைப் புகழ் மன்றத்தில் சேர்த்தபோது அந்த விருதை வாங்கியது யார் தெரியுமா? விலக்கிய அதே தம்பியின் மகள்.

அவருக்குப் பிறகு, விளையாடிக்கொண்டிருக்கும்போதே சொல்ல ஆண்கள் கால்பந்தில் இன்னொரு தொழில்முறை ஆட்டக்காரர் பிரிட்டனில் வர 2022 ஆனது. பிளாக்பூல் அணியின் ஜேக் டேனியல்ஸ், 17 வயதுப் பையன். இடையில் முப்பத்திரண்டு வருடம். ஜெர்மனிக்காக 52 ஆட்டம் ஆடிய தாமஸ் ஹிட்ஸ்ல்ஸ்பெர்கர்கூட ஓய்வுபெற்ற பிறகு, 2014இல்தான் வாய் திறந்தார். ஆஸ்திரேலியாவில் ஜோஷ் கவால்லோ 2021 அக்டோபரில் சொன்னார். மூன்று மாதம்கூட ஆகவில்லை, மெல்பர்னில் கேலரியிலிருந்து அவரை வசைபாடினார்கள். உலைமூடி அங்கேயும் இல்லை.

2022 கத்தார் உலகக் கோப்பைக்குக் கேரளத்தின் புள்ளாவூர் ஆற்றில் மெஸ்ஸிக்கு எத்தனை உயரத்தில் கட்அவுட் வைத்தார்கள் என்று நம் பையன்களுக்கு மனப்பாடம். அதே போட்டியில் ஏழு ஐரோப்பிய அணிகளின் கேப்டன்கள் தன்பாலீர்ப்பாளர்களுக்கு ஆதரவாகக் கையில் ஒரு பட்டை கட்டிக்கொள்ள நினைத்தார்கள். கட்டினால் மஞ்சள் அட்டை என்றது ஃபிஃபா. ஏழு அணிகளும் பின்வாங்கின. ஜெர்மனிக்காரர்கள் ஜப்பான் ஆட்டத்துக்கு முன் படம் எடுக்க நின்றபோது, கையால் தங்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். ஊர் வாயை மூட முடியாத ஃபிஃபா, ஆடுகிறவன் வாயை மூடிவிட்டது. முப்பத்திரண்டு நாடுகள் ஆடிய அந்தப் போட்டியில், தான் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்ன வீரர் ஒருவர்கூட இல்லை. அத்தனை பேரில் ஒருவர்கூட அப்படி இருக்கமாட்டாரா? எண்ணிப் பாருங்கள்.

சரி, இப்போது நம் மைதானத்துக் கதை. பெயர் சொல்லமாட்டேன், ஆள் இங்கேயே எங்காவது நிற்பான்.

துபாயிலிருந்து ஒருமுறை நம் அணிக்கு ஜெர்சி வந்தது. ஒன்று முதல் பதினாறு வரை, நல்ல நீல நிறம். பையன்கள் பாய்ந்தார்கள். பத்து மெஸ்ஸிக்கு, ஏழு ரொனால்டோவுக்கு, அடிதடி. எல்லாம் போய் மேசைமேல் ஒன்றே ஒன்று மிஞ்சியது. ஒன்பது. அது ஃபார்வேர்டின் எண். உலகத்தில் பெரிய பெரிய ஸ்ட்ரைக்கர்கள் சண்டை போட்டு வாங்குகிற எண். நம் ஊரில் அந்த எண்ணை ஏன் யாரும் தொடுவதில்லை என்று நான் விளக்க வேண்டாம். கேலரியில் நிற்கிற உங்களுக்கே தெரியும், கத்துகிறவர்கள் நீங்கள்தானே.

கடைசியாக வந்த பையன் தலையில் அது விழுந்தது. அன்றைக்கு நம்மிடம் இருந்த ஒரே நல்ல ஃபார்வேர்டு அவன். என்னிடம் வந்து, "சாரே, எனக்குச் சட்டை இல்லாமல் ஆட அனுமதி வாங்கித் தாருங்கள்" என்றான். விதி தெரியாதா உனக்கு, போய் ஆடு என்று விரட்டினேன். பையன் சும்மா இருப்பானா? முதலுதவிப் பெட்டியைத் திறந்து வெள்ளை பிளாஸ்டரைக் கிழித்தான். ஒன்பதுக்கு முன்னால் ஒரு கோடு ஒட்டினான். முடிந்தது, பத்தொன்பது! பதினாறே சட்டை இருக்கிற அணியில் பத்தொன்பதாம் நம்பர் எப்படி வந்தது என்று நடுவர் கேட்கவில்லை. நோட்டில் 19 என்று எழுதிக்கொண்டார்.

ஜூன் மாதம். இடைவேளை முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. நம் மழை தெரியுமே, பக்கவாட்டில் அடிக்கும். பிளாஸ்டர் ஒரு முனையில் கழன்று, கொஞ்ச நேரம் முதுகில் ஆடி, அப்புறம் விழுந்துவிட்டது. அவனுக்குத் தெரியாது. அந்த நேரம் பார்த்துக் கார்னரிலிருந்து வந்த பந்தைத் தலையால் முட்டி ஒரு கோல். கடைசி நிமிடம். ஊரே எழுந்து கத்துகிறது. எதிரணி கேப்டன் ஓடிவந்தான்: "நடுவரே, உங்கள் நோட்டில் ஒன்பதாம் நம்பர் உண்டா?" நடுவர் பார்த்தார். இல்லை. "பட்டியலில் இல்லாத ஆள் கோல் போட்டால் செல்லுமா?" நடுவர் விழித்தார். எங்கள் கமிட்டிக்காரர் ஒருவர் மண்ணில் மண்டியிட்டு அந்தப் பிளாஸ்டரைத் தேடுகிறார். கிடைத்தது! சேறோடு எடுத்துவந்து பையன் முதுகில் வைத்து அமுக்குகிறார், ஒட்டவில்லை. கையால் பிடித்துக்கொண்டே நின்று, "இப்போது படியுங்கள் சாரே, பத்தொன்பதா இல்லையா" என்கிறார். கடைசியில் கோல் செல்லும் என்று நடுவர் விட்டுவிட்டார், கோப்பை வந்தது.

அன்றைக்கு எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இப்போதும் சிரிக்கிறீர்கள். ஆனால் அந்தப் பையன் கோல் போட்டுவிட்டுக் கையைத் தூக்கவில்லை. இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய் முதுகை மறைத்துக்கொண்டு நின்றான். அவன் யாரை விரும்புகிறான், எப்படிப்பட்டவன், எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். ஒரு எண்ணுக்கே இத்தனை பயம் என்றால், உண்மையிலேயே அப்படி ஒரு பையன் இந்த அணியில் இருந்தால் அவன் எத்தனை பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு ஆட வேண்டியிருக்கும்?

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 2020 செப்டம்பரில் அமெரிக்காவில் சான் டியேகோ லாயல் என்ற அணி, ஃபீனிக்ஸ் அணியை இடைவேளையில் 3-1 என்று மிஞ்சி நின்றது. அடுத்த சுற்றுக்குப் போக அந்த வெற்றி வேண்டும். முதல் பாதியில் தங்கள் வீரர் காலின் மார்ட்டினை எதிரணி ஆள் ஒருவர் தன்பாலீர்ப்பைச் சொல்லிக் கேவலமாகப் பேசினார் என்று புகார். பயிற்சியாளர் லேண்டன் டோனவன், அந்த ஆளை வெளியே எடுங்கள் என்று கேட்டார். எடுக்கவில்லை. இரண்டாம் பாதிக்கு விசில் ஊதியதும் அணி முழுவதும் மண்டியிட்டு, எழுந்து, நடந்து வெளியே போய்விட்டது. புள்ளி போனது, அடுத்த சுற்றும் போனது. பேசியதாகச் சொல்லப்பட்டவர் மறுத்தார். லீக் விசாரித்து ஆறு ஆட்டம் தடை போட்டது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லைதான், ஆனால் பந்தை எடுத்துக்கொண்டு போக அவர்களுக்குக் கால் இருந்தது.

சட்டம் பற்றிச் சொல்கிறேன் என்றேன். 2018 செப்டம்பர் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தன்பாலீர்ப்பு குற்றமில்லை என்று தீர்ப்பளித்துவிட்டது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன் ஒரு வழக்கு வந்தபோது, இதைப் பற்றித் தனக்குப் போதுமான புரிதல் இல்லை என்று சொல்லி, அவரே ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். எனக்கு மிகவும் பிடித்த செய்தி அது. மற்றதை வழக்கறிஞர்கள் சொல்வார்கள்.

ஃபாதர் அவர்கள் மேடையில் இருக்கும்போது இதைப் பேசலாமா என்று கமிட்டியில் ஒருவர் தயங்கினார். மறைந்த போப் பிரான்சிஸ் 2013இல் ரியோவிலிருந்து திரும்பும் விமானத்தில், நல்ல மனதோடு கடவுளைத் தேடும் தன்பாலீர்ப்பாளர் ஒருவரைத் தீர்ப்பிட நான் யார் என்று கேட்டவர். 2023 ஜனவரியில், இது குற்றமல்ல என்றும் சொன்னார். அவர் அர்ஜென்டினாக்காரர், சான் லொரென்சோ கிளப்பின் ரசிகர். இந்தக் கடற்கரையில் போப்பை எதிர்த்துப் பேசுபவர்கூட அர்ஜென்டினாவை எதிர்த்துப் பேசமாட்டார்.

இப்போது நான் வந்த காரியத்துக்கு வருகிறேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது என்ன காரியம் என்று தெரியும். முன்னாள் தலைவர் அதற்குள் தண்ணீர் குடிக்கிறார்.

இந்தப் பயம் ஆண்கள் பந்தில்தான் இப்படி முற்றிக் கிடக்கிறது. பெண்கள் பந்தைப் பாருங்கள். அமெரிக்க அணியின் மேகன் ரபினோ 2012இலேயே சொல்லிவிட்டார். 2019 உலகக் கோப்பையில் தங்கப் பந்தும் அவருக்கு, தங்கக் காலணியும் அவருக்கு. ஆஸ்திரேலியாவின் கேப்டன் சாம் கெர் மறைக்கவில்லை. நம் நாட்டில் முதலில் சொன்ன பெரிய விளையாட்டு வீரர் யார்? ஒடிசாவின் ஓட்டப்பந்தயக்காரர் டூட்டி சந்த், 2019இல். அவரும் பெண்தான். ஏன் இவர்களால் முடிகிறது? மைதானத்துக்குள் கால் வைத்த அன்றைக்கே அவர்கள் ஊர் வாயைக் கேட்டு முடித்துவிட்டார்கள், அதனால்தான் என்று நான் நினைக்கிறேன்.

1920இல் இங்கிலாந்தில் டிக் கெர் என்ற தொழிற்சாலைப் பெண்களின் அணி ஆடியதைப் பார்க்க லிவர்பூலில் 53,000 பேர் வந்தார்கள். மறு வருடமே, இது பெண்களுக்கு ஏற்ற விளையாட்டில்லை என்று சொல்லி அங்கத்திய கால்பந்துச் சங்கம் தன் மைதானங்களை அவர்களுக்கு மூடியது. ஐம்பது வருடம் போல அந்தத் தடை நீடித்தது. அந்த அணியில் ஆடிய லில்லி பார்தான் 2002இல் அதே புகழ் மன்றத்துக்குள் போன முதல் பெண்.

நம் மைதானத்துக்கு யாரும் தடை போடவில்லை. உடைமாற்ற ஒரு அறை கட்டவில்லை, அவ்வளவுதான். கழிவறைக்குக் கதவு இல்லை. நம் பிள்ளைகள் பள்ளியில் ஆடுகிறார்கள், மாவட்டத்துக்குப் போகிறார்கள், சொந்த ஊர் மைதானத்தில் ஆட முடியவில்லை. பெண்கள் போட்டி நடத்துங்கள் என்றால், வசதி இல்லையே சாரே என்கிறார்கள். வசதி கேட்டால், பெண்கள் ஆடுவதே இல்லையே என்கிறார்கள். எல்லார் முன்னாலும் சட்டை கழற்றக் கூசுகிற பையனுக்கும் அதே அறைதான் வேண்டும். அவன் ஏன் கூசுகிறான் என்று யாரும் கேட்க வேண்டாம், கதவைப் போட்டால் போதும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். தாழ்ப்பாளோடு இரண்டு அறை, தண்ணீர்க் குழாய், அடுத்த ஆண்டு இதே கோப்பைக்குப் பெண்கள் பிரிவு, பரிசுப்பணம் இரண்டுக்கும் ஒன்றே. வசை வந்தால் ஆட்டத்தை நிறுத்தலாம் என்று போட்டி விதியில் ஒரு வரியும் சேருங்கள். பொழியூர் சாரிடம் பேசிவிட்டேன், பெண்கள் அணியைக் கொண்டுவர அவர் தயார். மனு எழுதிய நோட்டு மைக்செட் மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்து ஃபாதருடையது என்று அவரைக் கேட்காமலே அறிவிக்கிறேன், இத்தனை பேர் முன்னால் அவர் மறுக்கமாட்டார். இரண்டாவது, மூன்றாவது இடத்தை இரண்டு முன்னாள் தலைவர்களுக்கும் விட்டுவைத்திருக்கிறேன், யார் முதலில் என்று அவர்களே தீர்த்துக்கொள்ளட்டும். ஜெனரேட்டருக்கு டீசல் தீரப்போகிறது என்று தம்பி கை காட்டுகிறான். வென்ற அணி மேடையின் இடதுபக்கமாக வரிசையாக வரவும், கோப்பைகளைக் கொடுத்துவிடலாம்.