தமிழ் எழுத்தை நகர்த்தும் நிரல்: பைதன் தொடங்குவோருக்கு

வணக்கம். மட்டக்களப்பிலிருந்து பேசுகிறேன். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலைப் பாடமாக எடுத்து, பைதன் மொழியில் இப்போதுதான் கைவைத்திருக்கும் தம்பி தங்கைகளை மனத்திற்கொண்டு இக்காணொளியைப் பதிவுசெய்கிறேன். ஒரு சொல்லின் எழுத்துகளைச் சில இடங்கள் தள்ளி எழுதி மறைக்கும் சிறிய நிரலொன்றை இன்று எழுதப்போகிறோம். ஆங்கிலத்துக்கு அல்ல, தமிழுக்கு.

இந்த முறை மிகப் பழையது. ஜூலியஸ் சீசர் தம் அந்தரங்கக் கடிதங்களில் ஒவ்வோர் எழுத்தையும் 3 இடம் தள்ளி எழுதினார் என்றும், அவருக்குப் பின்வந்த அகஸ்டஸ் 1 இடம் மட்டுமே தள்ளினார் என்றும் உரோம வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதியிருக்கிறார். அகஸ்டஸ் அக்கால இலத்தீன் வரிசையின் இறுதி எழுத்தான எக்ஸ் வந்தபோது தொடக்கத்துக்குத் திரும்பவில்லை. ஏ என்பதை இரட்டித்து எழுதி ஒப்பேற்றிவிட்டார். நிரலில் நாம் அப்படி ஒப்பேற்ற முடியாது. வரிசை முடிந்தால் மீண்டும் முதலுக்கு வரவேண்டும். அந்த வேலையை மீதி காணும் குறியான % செய்துதரும்.

ஆங்கிலத்துக்கு எழுதுவோர் வழக்கமாக, ஓர் எழுத்தின் குறியெண்ணைத் தரும் ‘ஓர்ட்’ என்ற சார்பைப் பயன்படுத்தி, கிடைத்த எண்ணுடன் நகர்வைக் கூட்டுவார்கள். அதையே தமிழுக்கும் செய்தால் என்ன நடக்கிறது என்று திரையில் பாருங்கள். ‘க’வின் யுனிகோட் எண் 2965, ஒன்றைக் கூட்டினால் 2966. அந்த இடத்தில் எழுத்தே இல்லை, ஆகவே வெறும் கட்டம் தெரிகிறது. ‘ங’ 2969இல்தான் இருக்கிறது. போதாக்குறைக்கு ‘ந’வுக்கு அடுத்து ‘ன’, ‘ர’வுக்கு அடுத்து ‘ற’ என்று அங்குள்ள வரிசையும் நாம் பாலர் வகுப்பில் படித்த வரிசையன்று. எனவே அந்த எண்களை நம்பாமல், க, ங, ச, ஞ, ட, ண, த, ந, ப, ம, ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று 18 எழுத்துகளையும் நாமே ஒரு பட்டியலாக எழுதிக்கொள்வதுதான் சரி. முதல் எழுத்தின் இடம் 0, கடைசி எழுத்தின் இடம் 17.

இனி ‘மட்டக்களப்பு’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டுப் பார்ப்போம். நாம் எண்ணினால் 8 எழுத்து. பைதன் 12 என்கிறது. புள்ளிகள் மூன்றையும், ‘பு’வில் உள்ள உகரக் குறியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. இது நமக்கு வசதியே. ஃபார் லூப்பில் ஒவ்வொன்றாக எடுத்து, பட்டியலில் இருந்தால் நகர்த்துகிறோம். புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அப்படியே விட்டுவிடுகிறோம். பைதன் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்பதால், புதியஇடம் = (பழையஇடம் + நகர்வு) % 18 என்றே எழுதலாம். நகர்வு 1 என்றால் ‘மட்டக்களப்பு’, ‘யண்ணங்ஙறம்மு’ ஆகிறது.

% குறி இல்லாமலும் சில சொற்கள் சரியாக வரும் என்பதுதான் இதில் உள்ள பொறி. மறைத்ததை மீட்கும்போது 0இலிருந்து 1ஐக் கழித்தால் -1 வரும். பைதன் பட்டியலில் -1 என்பது கடைசி உறுப்பைக் குறிக்கும், ஆகவே ‘க’ குறையின்றி ‘ன’வாக மாறிவிடும். ஆனால் மறைக்கும்போது ‘மீன்’ என்று கொடுத்தவுடன் 17உடன் 1 சேர்ந்து 18 ஆகி, பட்டியலில் இல்லாத இடத்தைக் கேட்டதற்கான பிழையான இண்டெக்ஸ் எரர் வந்து நிரல் நின்றுவிடும். எனவே சோதிக்கும் சொற்களில் ஒன்றாவது ‘ன’ உள்ளதாக இருக்கட்டும்.

ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவற்றைப் பட்டியலில் சேர்க்காவிட்டால் அவை மாறாமல் வெளியே தெரியும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இவ்வெழுத்துகள் வராத வகுப்பு இடாப்பு ஏது? சேர்ப்பதானால் 18 என்பதை 22 ஆக்குங்கள்; அனுப்புபவரிடமும் பெறுபவரிடமும் ஒரே பட்டியல் இருக்கவேண்டும்.

அடுத்து, இம்மறைப்பை உடைப்பது. எனக்கு இதுதான் எழுதுவதைவிடச் சுவையான பகுதி. ‘மீன் பாடும் தேன் நாடு’ என்பதை 1 இடம் நகர்த்தினால் ‘யீக் மாணுய் நேக் பாணு’ வருகிறது. திறப்பு, அதாவது எத்தனை இடம் நகர்த்தினோம் என்பது, தெரியாதவர் 17 நகர்வுகளையும் முயன்றால் போதும். அவற்றுள் பெரும்பாலானவற்றைத் தமிழ் இலக்கணமே கழித்துவிடும். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது, ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகியவற்றில் தொடங்காது. 2 இடம் பின்னே போனால் முதற்சொல் ‘பீற்’ ஆகிறது, தள்ளிவிடலாம். 3 இடம் போனால் ‘நீள்’ என்று நல்ல தமிழ்ச்சொல்லே வந்து நம்மை ஏய்க்கப் பார்க்கிறது. ஆனால் அதே நகர்வில் ‘நேக்’, ‘டேள்’ ஆகிவிடுவதால் அதுவும் அடிபடுகிறது. ஒரு சொல்லை மட்டும் வைத்துத் தீர்மானிக்கக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. இவ்விதிகளை இரண்டு இஃப் வரிகளில் எழுதிவிடலாம். டொக்டர், ரயில் போன்ற கடன்சொற்கள் வருமானால் சற்றுத் தளர்த்துங்கள்.

உங்கள் நிரலுக்கு ஒரு வேலை தருகிறேன்: ‘ஞள்ளநிர் ராளல்’. பட்டியல் 18 எழுத்துகளைக் கொண்டது, நகர்வைச் சொல்லமாட்டேன். மட்டக்களப்புக்கு வந்துபோனவர்களுக்குத் தெரிந்த இடம். விடையை மட்டும் அனுப்பாமல், விதிகளைத் தாண்டி எத்தனை நகர்வுகள் எஞ்சின என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.