வாசலில் இருப்பவருக்கும் பயிற்சி

தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நீதிபதி அவர்களே, காவல்துறை, மருத்துவத்துறை அதிகாரிகளே, எனக்கு முன் பேசி என் பேச்சில் பாதியைச் சொல்லிவிட்டுப் போன பேராசிரியர் அம்மா அவர்களே, இடமில்லாமல் நின்றுகொண்டே கேட்கும் தன்னார்வலர்களே, வணக்கம். ஒலிபெருக்கித் தம்பிக்குத் தனியாக ஒரு வணக்கம். அவர் நினைத்தால் என் பேச்சு முடிந்தது.

குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவுகிறவர்களின் பயிற்சி பற்றி மூன்று விஷயம் பேச வந்தேன். யாருக்குப் பயிற்சி, எத்தனை நாள், உதவுகிறவரே மனம் சோர்ந்தால் அவரை யார் பார்ப்பது.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு வந்தது. சில வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டில் திருட்டு. நானும் மனைவியும் ஓர் அலுவலகத்துக்கு ஓடினோம். வாசலில் இருந்தவர், "ஏன் வீட்டைப் பூட்டவில்லை?" என்றார். பூட்டித்தான் போனோம் என்றேன். "அப்புறம் எப்படித் திருடன் வந்தான்?" அதை அவனிடமல்லவா கேட்க வேண்டும்! அடுத்த மேசையில், "பணத்தை ஏன் வீட்டில் வைத்தீர்கள்?" மூன்றாவது மேசையில், "ஏன் நேற்றே வரவில்லை?" ஐயா, நேற்றுத் திருட்டே நடக்கவில்லை! நான்காவது மேசைக்குப் போவதற்குள் மனைவி தானே திருடியதுபோலத் தலை குனிந்துவிட்டார். அங்கிருந்த பெண் நாற்காலியை இழுத்துப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். "எங்கிருந்து சொல்லத் தோன்றுகிறதோ அங்கிருந்து சொல்லுங்கம்மா" என்றார். அழுதுகொண்டே எல்லாம் வந்தது. தெருமுனையில் நின்றிருந்த ஓர் ஆளின் சட்டை நிறம் உட்பட. கிளம்பும்போது, "நீங்கள் மட்டும் 'ஏன்' என்று கேட்கவில்லையே, எப்படி?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். "பயிற்சியில் முதல் நாளே 'ஏன்' என்ற சொல்லைப் பிடுங்கிவிட்டார்கள் சார்" என்று சிரித்தார். 'ஏன்' என்றாலே பாதிக்கப்பட்டவர் காதில் 'உன்மேல்தான் தப்பு' என்று விழுமாம்.

சரி, தலைவலி தனக்கு வந்தால்தான் தெரியும் என்றால், எல்லார் வீட்டிலும் திருட்டுப் போகும்வரை காத்திருப்பதா? அதற்குத்தான் பயிற்சி. 1985இல் ஐ.நா. பொதுச்சபை பாதிக்கப்பட்டோருக்கான நீதிக் கோட்பாடுகளை ஏற்றது. அதன் 16ஆம் பத்தி காவல், நீதி, மருத்துவம், சமூகநலப் பணியாளர்களோடு 'தொடர்புடைய பிற பணியாளர்களுக்கும்' பயிற்சி வேண்டும் என்கிறது. அந்தப் 'பிற'வைப் பிடித்துக்கொண்டுதான் ஊர் ஊராகப் போகிறேன். வாசல் காவலாளி, தொலைபேசி எடுப்பவர், மொழிபெயர்ப்பாளர், இவர்களெல்லாம் அந்தப் 'பிற'தானே? கலங்கி வருகிறவர் முதலில் பார்ப்பது இவர்களை. நாமோ மாடியில் இருப்பவருக்கு மட்டும் வகுப்பு நடத்துகிறோம்.

தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். மற்ற இரண்டும் அடுத்த கூட்டத்துக்கு. அந்தப் 'பிற' பணியாளர்களுக்கும் பயிற்சி கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. அங்கே இருக்கும் தம்பிக்கு நேற்று நானே ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தேன். ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று கேட்கமாட்டார்.